துணிச்சல் மட்டும் போதாது

'துணிச்சல் இருந்தால் எந்த வயதிலும் சொந்தத் தொழிலில் சம்பாதிக்கலாம்' என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. செங்கோட்டையில் 20 ஆண்டுகளாகத் தையல் தொழில் செய்கிறேன். என்னால் இதை ஏற்க முடியவில்லை.

தொடங்கியபோது மடியில் கைக்குழந்தை. பாபினில் நூல் தீர்வதற்குள் அழுதுவிடுவாள். ஓணத்துக்கு முன்பு கேரளத்து ஆரியங்காவிலிருந்து, அங்குள்ள பெண்கள் உடுத்தும் செட்டு முண்டுக்கு ரவிக்கை கேட்டு வருவார்கள். பாதியைத் திருப்பி அனுப்பினேன். அதே தெருவில் இன்னொருத்திக்குச் சொந்த வீடு, தெருவைப் பார்த்த முன்னறை, பிள்ளையைப் பார்த்துக்கொள்ள மாமியார். வளையலை அடகு வைத்து, துணியோரம் பிரியாமல் தைக்கும் ஓவர்லாக் மிஷின் வாங்கினாள். கணவனின் மாதச் சம்பளம் இருந்ததால் வளையலும் மூழ்கவில்லை. இத்தனைக்கும் இருவரும் ஒரே அக்காவிடம் தொழில் பழகியவர்கள்!

அந்த மாமியார் கூலியின்றி இரவெல்லாம் கொக்கி தைப்பார். அரசின் தொழிலாளர் கணக்கெடுப்பில் இப்படி உதவுகிறவர்களும் சுயதொழில் செய்வோர்தான். அவர் கைக்கு ஒரு ரூபாய் வந்ததில்லை.

இன்று என் மகள் கல்லூரியில் படிக்கிறாள். அன்று ஒரு நாளில் ஒரு ரவிக்கை முடித்தேன்; இப்போது நான்கு முடிக்கிறேன். சிறுதொழிலுக்கான மத்திய அரசின் முத்ரா திட்டத்தில், 'சிஷு' என்ற முதல் பிரிவிலேயே 50,000 ரூபாய் வரை பிணையில்லாமல் கடன் உண்டு, நல்லதுதான். கைக்குழந்தைக்காரிக்கு அதோடு மாலை 6 மணிவரை திறந்திருக்கும் ஒரு குழந்தைகள் காப்பகமும் வேண்டும்.