காபிப் பையின் ஓரம்

போன வாரம் என் கோப்பைக்குள் ஒரு காபிப் பை பிரிந்துபோனது. டீ பேக் மாதிரி நூல் கட்டி வருமே, அந்த வகை. வெந்நீரை ஊற்றியதும் பலூன் போல உப்பி மேலே மிதந்தது. கரண்டியால் அமுக்கினேன். ஓரம் விட்டுவிட்டது. பத்து கிராம் தூளும் கோப்பைக்குள் இறங்க, அன்றைய காபியைப் பல்லாலேயே வடிகட்டிக் குடித்தேன்.

யார் தயாரித்த பை என்பது முக்கியமில்லை. உறையில் எழுதியிருந்ததுதான் வேடிக்கை. மிக நுண்ணிய துளைகளாம், மண்டியே இறங்காதாம். துளையைப் பற்றி அவ்வளவு பெருமை, ஓரத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. செய்பவர்களும் சரி, வாங்குபவர்களும் சரி, வடிகட்டும் பரப்பைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம். என் கட்சி வேறு. இந்தப் பையை எந்தப் பொருளில் செய்வது என்பதைத் தீர்மானிப்பது துளை அல்ல, ஓரம். எப்படி மூடுவது என்பதை முதலில் முடிவு செய்துவிடுகிறார்கள், பொருள் அதன் பின்னால் ஓடுகிறது. காபி கடைசியில்தான் வருகிறது.

தாள் என்பது செல்லுலோஸ் நார். செல்லுலோஸ் உருகாது. சூடு ஏறினால் கருகும், அவ்வளவுதான். ஆனால் வேகமாக ஓடும் இயந்திரத்துக்கு, இரண்டு தாளைச் சூடான அச்சால் ஒரு அழுத்து அழுத்தியதும் ஒட்டிக்கொள்ள வேண்டும். ஒட்டுவதற்கு உருகும் பொருள் ஒன்று வேண்டும். அதற்காகத்தான் தாளின் ஒரு பக்கத்தில் பாலிபுரொப்பிலீன் போன்ற பிளாஸ்டிக் நாரைக் கலக்கிறார்கள். அது சுமார் 160 டிகிரி செல்சியஸில் உருகும், வெந்நீர் 100-ஐத் தாண்டாது, ஆகவே கோப்பைக்குள் ஒட்டு விடாது என்பது கணக்கு. கணக்கு சரிதான். என் பையின் பிரிந்த ஓரத்தைக் காயவைத்துப் பார்த்தேன். ஒட்டிய கோட்டில் காபித் தூள் வரிசையாகச் சிக்கியிருந்தது. தூள் நடுவில் உட்கார்ந்துகொண்டால் எந்தப் பிளாஸ்டிக்கும் ஒட்டாது.

உங்கள் வீட்டில் இருக்கும் பை எப்படி என்று தெரிய வேண்டுமா? தூளைக் கொட்டிவிட்டு, ஓரத்தில் ஒரு துண்டு வெட்டி, இடுக்கியில் பிடித்து மெழுகுவர்த்தியில் காட்டுங்கள். வெறும் தாள் என்றால் எரிந்து சாம்பலாகும், விரலால் நசுக்கினால் பொடியும். பிளாஸ்டிக் நிறைய இருந்தால் சுருங்கி உருகி, ஆறியதும் குட்டி மணி மாதிரி கெட்டியாக நிற்கும். ஜன்னலைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் இருப்பவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவது இன்னும் நல்லது.

ஒட்டாமல் மூடவே முடியாதா என்றால், டீயில் அது பழைய சங்கதி. ஜெர்மனியின் டீகானே நிறுவனத்தில் வேலை பார்த்த அடால்ஃப் ராம்போல்ட் என்ற பொறியாளர் 1949 வாக்கில் ஒரு இயந்திரம் செய்தார். ஒரே தாளை நீளமாக மடித்து, இரண்டு அறைகளாக்கி, தலையை மடக்கி ஒரு உலோகக் கம்பியால் குத்திவிடும். பசையும் இல்லை, உருகும் நாரும் இல்லை. இப்படி மடிக்கும் பைக்குச் சதுர மீட்டருக்கு 12 கிராம் எடையுள்ள தாள் போதும். சூட்டில் ஒட்டும் வகைக்கு 17 கிராம் அளவில் வேண்டும். நாம் எழுதும் தாள் 70, 80 கிராம் இருக்கும், அதை வைத்து ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

அந்த மெல்லிய தாள் வெந்நீரில் கிழியாமல் இருப்பதும் ஒரு கதைதான். சாதாரணத் தாளில் நார்களைப் பிடித்துவைத்திருப்பவை ஹைட்ரஜன் பிணைப்புகள். தண்ணீர் உள்ளே நுழைந்ததும் அவை விட்டுவிடும். அதனால் நீண்ட நார் தேவைப்படுகிறது. அதற்கு அபாகா. வாழையின் நெருங்கிய உறவு, பிலிப்பைன்ஸில் அதிகம் விளைகிறது, ஒரு காலத்தில் கப்பல் கயிறு திரித்த நார். அதற்கு மேல் ஈரத்தில் வலு தரும் பிசினையும் கொஞ்சம் சேர்ப்பார்கள். ஆக, ‘வெறும் தாள்’ என்று சொல்வதும் முழுக்க வெறும் தாள் இல்லை. இதற்கு மேல் தூய்மைவாதம் பேசினால் காபியே குடிக்க முடியாது.

சரி, டீக்கு ஆன வழி காபிக்கு ஏன் ஆகவில்லை?

எடைதான் முதல் காரணம். ஒரு கோப்பை டீக்கு 2 கிராம் போதும். காபிக்கு 10 கிராமாவது வேண்டும். தூள் தன் எடையைப் போல இரண்டு மடங்கு தண்ணீரைக் குடித்துக்கொள்ளும். நூலைப் பிடித்துத் தூக்கும்போது 30 கிராம் ஈரச்சேறு தொங்குகிறது. 12 கிராம் தாளின் மடிப்பு இதற்கு முன் கை தூக்கிவிடும்.

இன்னொன்று காற்று. இதைப் பற்றி யாரும் பேசுவதே இல்லை என்பதில் எனக்கு வருத்தம். வறுத்த கொட்டைக்குள் கார்பன் டை ஆக்சைடு அடைந்திருக்கிறது. வெந்நீர் பட்டதும் அது ஒரே மூச்சில் வெளியே வரும். திறந்த வடிதாளில் நுரைத்துக்கொண்டு மேலே போய்விடும். மூடிய பையில் எங்கே போகும்? துளை வழியாகப் போகலாமே என்றுதான் நானும் நினைத்தேன். ஆனால் நனைந்த துளை திறந்த துளை இல்லை. அதற்குள் நிற்கும் தண்ணீரைப் பரப்பு இழுவிசை பிடித்துக்கொண்டிருக்கிறது. 20 மைக்ரான் துளை, அதாவது ஒரு மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்கு என்றால், அந்தத் தண்ணீரைத் தள்ளிவிட்டு வாயு வெளியேற ஏறக்குறைய ஒரு மீட்டர் உயர நீரின் அழுத்தம் தேவை. கோப்பையின் உயரமோ பத்து சென்டிமீட்டர். எனவே வாயு உள்ளேயே நிற்கிறது, பை உப்புகிறது, மிதக்கிறது, மேல்பாதித் தூள் தண்ணீரையே பார்ப்பதில்லை. நாம் அமுக்குகிறோம். ஓரம் விடுகிறது.

துளை நுண்ணியதாக ஆக, இந்தப் பிடிவாதமும் கூடும். உறையில் பெருமையாக அச்சடித்த அதே நுண்மைதான் ஓரத்தின் மேல் பாரத்தை ஏற்றுகிறது. போதாததற்கு, அரைக்கும்போது எப்படியும் விழும் நைஸ் தூள் போய் அந்தத் துளைகளிலேயே அடைத்துக்கொள்ளும்.

அதற்காக நைலான் வலைக்கு மாறச் சொல்லவில்லை. அகலத் துளை வலையில் தண்ணீர் தாராளமாகப் போய்வரும், உண்மைதான். ஆனால் காபி எண்ணெயும் கூடவே வரும். அதிலுள்ள கஃபெஸ்டால் என்ற பொருள் ரத்தத்தில் கொலஸ்ட்ராலை ஏற்றுவது தெரிந்த விஷயம். தாள் அதைப் பெருமளவு நிறுத்திவிடும். அப்புறம் பிளாஸ்டிக் துகள். 2019-இல் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழக ஆய்வு ஒன்று, ஒரு பிளாஸ்டிக் டீ பேக் 95 டிகிரி நீரில் 1,160 கோடி மைக்ரோ துகள்களை விடுவதாகச் சொல்லி எல்லோரையும் பயமுறுத்தியது. நீரில் கரைந்த சிறு மூலக்கூறுகள் மாதிரியைக் காயவைக்கும்போது படிந்து துகளாக எண்ணப்பட்டிருக்கலாம் என்று வேறு ஆய்வாளர்கள் மறுத்தார்கள். எண்ணிக்கை எதுவாகவும் இருக்கட்டும். வெந்நீரில் பிளாஸ்டிக்கை ஊறவைத்துக் குடிக்க எனக்கு ஆசையில்லை.

‘தாவரத்திலிருந்து செய்தது’ என்று வரும் பைகளும் உண்டு. அது பெரும்பாலும் பிஎல்ஏ, அதாவது சோளம் அல்லது கரும்புச் சர்க்கரையைப் புளிக்கவைத்துச் செய்யும் பிளாஸ்டிக். அது தாவரத்திலிருந்து வருகிறது என்பது உண்மை, அது பிளாஸ்டிக் என்பதும் உண்மை. சுமார் 60 டிகிரியிலேயே இளகத் தொடங்கும், உருகுவது 150-க்கு மேல். மக்கும் என்கிறார்கள். ஐரோப்பாவின் இஎன் 13432 தரநிலை சொல்லும் மக்குதல், 58 டிகிரிக்குப் பக்கமாகச் சூடு நிற்கும் தொழிற்சாலை உரக்குவியலைப் பற்றியது. வீட்டுத் தோட்டத்து மண் அந்தச் சூட்டைக் கனவில்கூடக் கண்டதில்லை. இங்கும் பிஎல்ஏ வந்ததற்கு முக்கியக் காரணம் ஓரம்தான், உருகி ஒட்டுகிறது அல்லவா!

1908-இல் ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில், காபி வடிதாளைக் கண்டுபிடித்த மெலிட்டா பென்ட்ஸ், மகனின் நோட்டிலிருந்து மையொற்றுத் தாளைக் கிழித்து, துளையிட்ட பித்தளைப் பாத்திரத்தில் போட்டு வடித்தபோது அதில் ஓரமே இல்லை, மேல் பக்கம் திறந்திருந்தது. இன்றைக்குக் கூம்பு வடிதாளில் ஓரம் இருந்தாலும், தடித்த தாளை அச்சுப் பற்களால் நறுக்கென்று அழுத்தியே சேர்த்துவிடுகிறார்கள். தாள் தடிமனாக இருந்தால் பசை தேவையில்லை. மெல்லிய பைத்தாளில் அந்த வித்தை நடக்காது.

ஆகவே நான் விரும்பும் பை இது. கூம்பு வடிதாள் அளவுக்குத் தடித்த, சுருக்கம் வைத்த தாள். இரண்டு பக்கமும் அழுத்திச் சேர்த்த ஓரம். மேல் பக்கம் மூடக் கூடாது. நீளமாகக் கழுத்து விட்டு மடித்து, நூலைக் கட்டி, கோப்பையின் விளிம்புக்கு வெளியே நிற்கவைக்க வேண்டும். உள்ளே தூளைப் போல இரண்டு மடங்கு இடம் வேண்டும். தூள் கொஞ்சம் கொரகொரப்பாக இருக்கட்டும். மடிப்பு இறுக்கமாக இல்லாததால் வாயு அந்த வழியே போய்விடும். தடித்த தாளில் காபி இறங்க நேரம் ஆகும், ஒத்துக்கொள்கிறேன். ஒரு நிமிடம் கூடுதலாகக் காத்திருப்பதில் எனக்குக் குறையில்லை.

முதலில் பருத்தி நூலால் தைத்துப் பார்த்தேன். தோல்வி. ஊசி போட்ட ஒவ்வொரு ஓட்டையிலிருந்தும் மண்டி கோடு கோடாக இறங்கியது. பிறகு கூம்பு வடிதாளையே வெட்டி, ஓரத்தை மூன்று முறை மடித்து, இடுக்கியின் பற்களால் அழுத்தினேன். எட்டுப் பை செய்தேன். ஐந்து தாங்கின. ஒன்றுகூட மிதக்கவில்லை. பிரிந்த மூன்றும் ஒரே இடத்தில், கீழ் மடிப்பும் பக்க மடிப்பும் சந்திக்கும் மூலையில்தான் பிரிந்தன. அங்கே தாள் பல அடுக்காகிவிடுவதால் இடுக்கியின் பல் உள்ளே இறங்குவதில்லை. மூலையைச் சரிவாக வெட்டினால் அடுக்கு குறையும், ஆனால் அங்கே ஒரு சந்து விழுகிறது. அட்டைப்பெட்டி மடிக்கிறவர்கள், தையல் தெரிந்தவர்கள் யாராவது இருந்தால் அந்த மூலைக்கு ஒரு வழி சொல்லுங்கள்.