குழந்தையின் பிறந்தநாள் கேக்கை வீட்டிலேயே செய்யுங்கள்

பிறந்தநாள் கேக் என்றால் கடையில் சொல்லி வைப்பது என்று ஆகிவிட்டது. கோயம்புத்தூர், திருப்பூர், ஈரோடு என எந்த ஊர் பேக்கரிக்குப் போனாலும் கண்ணாடிப் பெட்டிக்குள் இரண்டு அடுக்கு, மூன்று அடுக்கு, மேலே கார் பொம்மை வைத்தது, குழந்தையின் போட்டோவையே அச்சடித்தது என்று வரிசையாக நிற்கின்றன. இதைப் பற்றி எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக மனதில் இருந்தது. என் கருத்து இதுதான்: பத்து வயது வரைக்குமாவது குழந்தையின் பிறந்தநாள் கேக்கை வீட்டில் செய்ய வேண்டும். கிரீம் வேண்டாம், அடுக்கு வேண்டாம். சாதாரண வெண்ணெய் கேக் ஒன்று போதும். அதையும் குழந்தையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்ய வேண்டும்.

நாம் போகிற பிறந்தநாள் விழாக்களில் குழந்தையை மட்டும் கொஞ்ச நேரம் கவனித்துப் பாருங்கள். பெட்டி திறக்கும்போதுதான் அது கேக்கையே முதல் முறையாகப் பார்க்கிறது. கையில் கத்தியைக் கொடுத்து, "இங்க பாரு, அங்க பாரு" என்று நாலு பக்கமும் போன் பிடிக்கிறார்கள். மாமா ஒரு துண்டு ஊட்டுகிறார், அத்தை ஒரு துண்டு ஊட்டுகிறார். மூன்றாவது துண்டுக்கு வாயை இறுக மூடிக்கொள்கிறது. வந்திருக்கும் மற்ற குழந்தைகள் மேலே இருக்கும் கிரீமை வழித்துத் தின்றுவிட்டு மிச்சத்தைத் தட்டோடு வைத்துவிடுகிறார்கள். பெரியவர்கள் சர்க்கரை நோய் என்று விரல் நுனியளவு எடுத்துக்கொள்கிறார்கள். இத்தனை செலவும் போட்டோவோடு முடிந்துவிடுகிறது.

அதற்காகப் பேக்கரிகள் மேல் எனக்குக் கோபம் இருப்பதாக யாரும் நினைக்க வேண்டாம். எங்கள் பக்கம் டீ குடிக்கக் கூப்பிடுவதற்கே "பேக்கரிக்குப் போலாமுங்களா" என்றுதான் கேட்போம். தேங்காய்ப் பூ தூவிய தேன் கேக்கும் சூடான பப்ஸும் இல்லாமல் கோவைக்காரர்களுக்கு சாயங்காலம் கிடையாது. வீட்டிலிருந்தே கேக் செய்து விற்கும் பெண்கள் இப்போது எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். அவர்கள் உழைப்பை நான் மதிக்கிறேன். கல்யாண நாளுக்கும் கடைத் திறப்புக்கும் அவர்களிடமே வாங்குங்கள். நான் பேசுவது சின்னக் குழந்தையின் பிறந்தநாளைப் பற்றி மட்டும்.

கடைக் கேக்கின் மேலே பூசும் கிரீம் பெரும்பாலும் பாலில் இருந்து எடுத்தது அல்ல. தாவர எண்ணெய்க் கொழுப்பைச் சர்க்கரையோடு அடித்து நுரைக்க வைத்தது. எண்ணெய், கொழுப்புகளில் இதயத்துக்குக் கேடான டிரான்ஸ் கொழுப்பு 2 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2022 முதல் நடைமுறையில் இருக்கிறது. அது நல்ல விஷயம். நிறங்களிலும் அனுமதிக்கப்பட்டவை எவை, எந்த அளவு வரை என்றெல்லாம் விதி உண்டு. ஆனாலும் ரோடமின் பி என்ற சாயம் இருந்தது தெரிந்து, 2024 பிப்ரவரியில் தமிழ்நாடு முழுக்கப் பஞ்சு மிட்டாயைத் தடை செய்ய வேண்டி வந்ததை நாம் பார்த்தோம். எல்லாக் கேக்கிலும் அப்படி இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. நாக்கு நீலமாகும் அளவுக்கு ஒரு மூன்று வயதுக் குழந்தைக்கு எதற்காக நிறம் ஊட்ட வேண்டும் என்றுதான் கேட்கிறேன்.

சரி, செய்முறைக்கு வருகிறேன். "எங்க வீட்ல ஓவன் இல்லைங்க" என்பதுதான் முதலில் கேட்கும் பதில். ஓவன் வேண்டியதில்லை. அடி கனமான பழைய போசி (பாத்திரம்) ஒன்றும் அதற்கு நன்றாகப் பொருந்தும் மூடியும் இருந்தால் போதும். போசிக்குள் ஒரு விரற்கடை உயரத்துக்குக் கல்லுப்பைப் பரப்புங்கள். அதன் மேல் சின்ன இரும்பு வளையம் வையுங்கள், இல்லையென்றால் எவர்சில்வர் கிண்ணத்தைக் கவிழ்த்து வையுங்கள். மூடி போட்டுப் பத்து நிமிடம் மிதமான தீயில் சூடாக்கினால் அதுதான் ஓவன். பலர் குக்கரில் ரப்பரையும் விசிலையும் எடுத்துவிட்டுச் செய்கிறார்கள். தண்ணீர் இல்லாமல் சூடாக்குவதற்காகச் செய்த பாத்திரம் இல்லை அது, சீக்கிரம் கெட்டுப் போகும். அதனால் நான் போசியையே சொல்வேன். அந்த உப்பை எடுத்து ஆறவைத்து ஒரு டப்பாவில் போட்டு வைத்தால் அடுத்த பிறந்தநாளுக்கும் ஆகும். சமையலுக்கு மட்டும் எடுக்காதீர்கள்.

அளவு கோபியில் இருக்கும் என் அக்கா சொல்லிக்கொடுத்தது. எழுதி வைத்துக்கொள்ளவே தேவையில்லை. மைதா, வெண்ணெய், சர்க்கரை, முட்டை நாலும் ஒரே எடை. முட்டை ஒன்று ஏறக்குறைய 50 கிராம் இருக்கும். மூன்று முட்டை என்றால் மற்ற மூன்றும் 150 கிராம் வீதம். கூடவே ஒரு டீஸ்பூன் பேக்கிங் பவுடர், ஒரு சிட்டிகை உப்பு, கொஞ்சம் வெனிலா எசென்ஸ், மாவு கெட்டியாக இருந்தால் இரண்டு மூன்று ஸ்பூன் பால். அவ்வளவுதான். இதற்கு வேண்டிய சாமானில் பல நம் ஊரைச் சுற்றியே கிடைக்கின்றன. முட்டைக்கு நாமக்கல் இருக்கிறது, வெண்ணெய்க்கு ஊத்துக்குளி இருக்கிறது. வெள்ளைச் சர்க்கரையில் பாதியைக் குறைத்துவிட்டுக் கவுந்தப்பாடி நாட்டுச் சர்க்கரையைக் கட்டியில்லாமல் சலித்துப் போட்டால் கேக் பழுப்பு நிறத்தில், ஈரப்பதம் குறையாமல், கருப்பட்டி மிட்டாயை ஒட்டிய ஒரு வாசனையோடு வரும். வாசனைக்காகத்தான் இதைச் சொல்கிறேன். உடம்புக்கு நாட்டுச் சர்க்கரையும் சர்க்கரைதான். அதைப் போட்டதால் குழந்தைக்கு இரண்டு துண்டு கூடத் தரலாம் என்று கணக்குப் போட வேண்டாம்.

வெண்ணெயில்தான் முழு வேலையும் இருக்கிறது. உருகியும் இருக்கக் கூடாது, கல்லாகவும் இருக்கக் கூடாது. விரல் வைத்தால் பள்ளம் விழ வேண்டும். சித்திரை வெயிலில் நம் சமையலறையில் அரை மணி நேரம் வைத்தால் எண்ணெயாகிவிடும். அந்த மாதங்களில் ஃபிரிட்ஜில் இருந்து எடுத்துச் சீக்கிரமே ஆரம்பித்துவிடுங்கள். ஊத்துக்குளி வெண்ணெயில் மோர்த் தண்ணீர் கொஞ்சம் நிற்கும், அதைப் பிழிந்து எடுத்துவிட வேண்டும். அப்புறம் சர்க்கரையைப் போட்டுக் கரண்டியாலோ பீட்டராலோ வெளுத்துப் பொங்கும் வரைக்கும் அடிக்க வேண்டும். சர்க்கரைக் கற்கள் வெண்ணெய்க்குள் புகுந்து புகுந்து சின்னச் சின்னக் காற்றுக் குமிழிகளை உண்டாக்குகின்றன. பேக்கிங் பவுடர் பெரும்பாலும் அந்தக் குமிழிகளைத்தான் பெரிதாக்குகிறது. இங்கே சோம்பல்பட்டு நிறுத்திவிட்டால் பின்னால் எவ்வளவு பவுடர் போட்டாலும் கேக் கனமாகத்தான் இருக்கும்.

முட்டையை ஒவ்வொன்றாகச் சேர்த்து அடியுங்கள். மொத்தமாக ஊற்றினால் கலவை திரிந்துவிடும். மைதாவையும் பேக்கிங் பவுடரையும் ஒன்றாக இரண்டு தடவை சலித்துச் சேர்த்த பிறகு அடிப்பதையே நிறுத்திவிட வேண்டும். கரண்டியால் மெதுவாக மடித்து, மாவு கண்ணுக்குத் தெரியாமல் கலந்தால் போதும். பரோட்டாவுக்கு அடித்துப் பிசைவது மாவுக்கு இழுவை வரவேண்டும் என்பதற்காக. கேக்குக்கு அந்த இழுவை வரவே கூடாது.

வெண்ணெய் தடவி மைதா தூவிய ஏழு அங்குல டின்னில் ஊற்றி, போசிக்குள் இறக்கி, மூடி போட்டு, சிறு தீயில் நாற்பது முதல் ஐம்பது நிமிடம். ஓவன் இருக்கிறவர்கள் 175 டிகிரியில் முப்பத்தைந்து நிமிடத்துக்குப் பிறகு பார்க்கலாம். முதல் அரை மணி நேரம் மூடியைத் திறக்காதீர்கள். உள்ளே மாவு இன்னும் இறுகியிருக்காது, குளிர்ந்த காற்று பட்டால் நடுவில் அமுங்கிவிடும். ஈர்க்குச்சியைக் குத்தி எடுத்தால் மாவு ஒட்டாமல் வரவேண்டும். நன்றாக ஆறிய பிறகே வெட்ட வேண்டும்.

பிறந்தநாள் வெள்ளிக்கிழமையிலோ புரட்டாசி சனியிலோ வந்துவிட்டால் நம் பக்கம் நிறைய வீடுகளில் முட்டை கிடையாது. அதற்காகக் கடைக்கு ஓட வேண்டியதில்லை. ஒரே கப்பால் அளந்து ஒன்றரைக் கப் மைதா, ஒரு கப் தயிர், முக்கால் கப் சர்க்கரை, அரைக் கப் எண்ணெய், ஒன்றேகால் டீஸ்பூன் பேக்கிங் பவுடர், அரை டீஸ்பூன் சமையல் சோடா. தயிரில் சோடாவைப் போட்டதும் நுரைத்துக்கொண்டு எழும். அதைப் பார்க்கக் குழந்தைகளுக்கு அவ்வளவு ஆசை. எண்ணெய்க்குக் காங்கேயம் தேங்காய் எண்ணெய் நன்றாக இருக்கும். செக்குக் கடலை எண்ணெய் வேண்டாம், அதன் வாசனையே மேலே நிற்கும்.

இந்தப் பேக்கிங் பவுடர் வந்த கதை எனக்கு மிகவும் பிடிக்கும். 1843-இல் இங்கிலாந்தின் பர்மிங்காமில் ஆல்ஃபிரட் பேர்டு என்ற மருந்துக்கடைக்காரர் அதைக் கண்டுபிடித்தார். அவர் மனைவிக்கு ஈஸ்ட் சேராது, முட்டையும் சேராது. ஈஸ்ட் இல்லாமல் ரொட்டி பொங்க வேண்டும் என்று முயன்று செய்ததுதான் இது. அதற்குச் சில வருடம் முன்பே முட்டையில்லாத கஸ்டர்ட் பவுடரையும் மனைவிக்காகவே செய்திருந்தார். வியாபாரமெல்லாம் அப்புறம் வந்தது. வீட்டில் இருக்கும் ஒருவருடைய உடம்புக்கு எது சேரும் என்று யோசித்ததில் பிறந்த பொருள் அது. வீட்டுக் கேக்கிலும் எனக்கு முக்கியமாகப் படுவது அந்த யோசனைதான். விழாவுக்கு வரும் குழந்தைகளில் யாருக்காவது முட்டை, பால், முந்திரி சேராதா என்று முன்கூட்டியே கேட்டு அதற்கேற்ப நாம் செய்ய முடியும். நாலு வயதுக்கு உட்பட்ட குழந்தைகள் வருகிறார்கள் என்றால் முழு முந்திரி, பாதாம் எல்லாம் போடாதீர்கள், தொண்டையில் சிக்கும்.

குழந்தைக்கு என்ன வேலை கொடுப்பது? மூன்று வயதுப் பிள்ளை சல்லடையைத் தட்டும். ஐந்து வயதுப் பிள்ளை கிண்ணத்தின் ஓரத்தில் தட்டி முட்டை உடைக்கும், ஓடு விழுந்தால் நாம் எடுத்துவிடலாம். ஏழெட்டு வயது ஆகிவிட்டால் தராசைக் கொடுத்துவிடுங்கள். 150 கிராம் வரும்வரை மைதாவைக் கொட்டுவதும் எடுப்பதுமாக அது கற்றுக்கொள்ளும் கணக்கு எந்த டியூஷனிலும் கிடைக்காது. அடுப்புப் பக்கம் மட்டும் விடாதீர்கள். பச்சை மாவை நக்கவும் விடாதீர்கள், பச்சை முட்டையும் பச்சை மைதாவும் வயிற்றுக்கு ஆகாது. என் மகள் வருகிறவர்கள் எல்லோரிடமும் "மாவு நான் சலிச்சது" என்று சொல்லித்தான் தட்டை நீட்டுவாள். விருந்தாளிகளுக்குத் தன் கையால் செய்ததைக் கொடுக்கும் அந்தப் பெருமை கடைக் கேக்கில் எப்படி வரும்?

பார்க்க எப்படி இருக்கும் என்ற கவலை பலரைத் தடுக்கிறது. மேலே லேசாக வெடித்திருக்கும், ஒரு பக்கம் கொஞ்சம் உயர்ந்திருக்கும். இருக்கட்டுமே. சர்க்கரையைப் பொடித்துத் தூவுங்கள், அல்லது பொள்ளாச்சித் தேங்காயைத் துருவி லேசாக வறுத்துப் போடுங்கள். அதற்கு மேல் அலங்காரம் தேவையில்லை.

மெழுகுவர்த்தி விஷயத்தில் பெரியவர்கள் சொல்வதைக் கேட்கலாம் என்பது என் எண்ணம். "ஏனுங் மாப்ள, நல்ல நாளும் அதுவுமா எரியற வெளக்க ஊதி அணைக்கலாமுங்களா?" என்று என் மாமியார் கேட்டது எனக்கு நியாயமாகப் பட்டது. மகளும் அவளுடைய அம்மாயியுமாகச் சேர்ந்து குத்துவிளக்கு ஏற்றுகிறார்கள், அது பாட்டுக்கு எரிகிறது, அப்புறம் கேக் வெட்டுகிறோம். கேக்கை முகத்தில் அப்புவதும், ஸ்னோ ஸ்பிரே அடிப்பதும் எங்கள் வீட்டில் கிடையாது. அந்த ஸ்பிரேக்களில் பல எளிதில் தீப்பிடிக்கும் வாயுவை வைத்து அடைத்தவை. எரிகிற மெழுகுவர்த்திக்குப் பக்கத்தில் குழந்தை நிற்கும்போது அதை அடிப்பது பயங்கரமான விளையாட்டு. தயவுசெய்து உங்கள் வீடுகளிலும் நிறுத்திவிடுங்கள்.

இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். "இதையும் வீட்டில் செய்" என்று சொன்னால் அந்த வேலையும் அம்மா தலையில்தான் போய் விழும் என்ற பயம் நியாயமானது. பனியன் கம்பெனியில் ஷிப்ட் முடித்து வருகிறவரிடம், நூல் மில்லில் நின்று கால் வலியோடு வருகிறவரிடம், இதையும் சேர்த்துச் சுமத்தினால் நான் எழுதியதற்கே அர்த்தமில்லை. அதனால் அப்பாக்களுக்குச் சொல்கிறேன்: இந்த வேலையை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். ஆரம்பித்ததில் இருந்து வெட்டுகிற வரைக்கும் ஆறவைக்கிற நேரத்தையும் சேர்த்து மூன்று மணி நேரம் ஆகும். அதில் கை வேலை ஒரு மணி நேரம்கூட இருக்காது. பிறந்தநாள் வேலை நாளில் வந்தால் முந்தின நாள் ராத்திரியே செய்து மூடி வைத்துவிடலாம், வெண்ணெய் கேக் மறுநாள் இன்னும் நன்றாக இருக்கும். வெயில் காலத்தில் இரண்டு நாளைக்கு மேல் வெளியே வைக்க வேண்டாம். வெண்ணெய் வாங்குவது, மைதா அளப்பது, குழந்தையை ஸ்டூலில் ஏற்றி நிறுத்துவது, கடைசியில் எண்ணெய்ப் பிசுக்குள்ள டின்னையும் கிண்ணத்தையும் தேய்த்துக் கழுவிக் கவிழ்ப்பது வரை எல்லாமே அப்பா பொறுப்பாக இருக்கட்டும். அம்மா அன்றைக்குத் தட்டை வாங்கிச் சாப்பிடட்டும்.