வேலை முடிந்த பிறகு வரும் பரிசு

கவுன்சிலருக்கு ஒருவர் காரியம் ஆவதற்கு முன்னால் எதையாவது கொடுத்தால் லஞ்சம் என்று உடனே சொல்லிவிடுகிறோம். காரியம் முடிந்த பிறகு கொடுத்தால், "நன்றிக்குத்தானே கொடுக்கிறார்" என்று விட்டுவிடுகிறோம். எனக்கு அந்த இரண்டாவது பரிசுதான் அதிகப் பயம்.

அமெரிக்காவில் இண்டியானா மாநிலத்தில் போர்ட்டேஜ் என்று ஒரு சின்ன நகரம். 2013-ல் அந்த நகராட்சி ஒரு நிறுவனத்துக்கு ஒப்பந்தம் கொடுத்து, சுமார் 11 லட்சம் டாலருக்கு ஐந்து குப்பை லாரிகளை வாங்கியது. அடுத்த வருடம் அதே நிறுவனம் மேயர் ஜேம்ஸ் ஸ்னைடருக்கு 13,000 டாலருக்குக் காசோலை கொடுத்தது. ஆலோசனைக் கட்டணம் என்றார் அவர். ஜூரி ஏற்கவில்லை. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 2024 ஜூனில் 6-3 என்ற கணக்கில் தீர்ப்பு வந்தது: அவர் மீது போட்ட மத்தியச் சட்டம் முன்கூட்டியே பேசி வாங்கும் லஞ்சத்துக்குத்தான் பொருந்தும், முடிந்த வேலைக்குப் பின்னால் வரும் வெகுமதிக்குப் பொருந்தாது. அதை மாநிலங்களும் உள்ளாட்சிகளும் தங்கள் விதிகளில் பார்த்துக்கொள்ளலாம்.

சரி, அப்படியென்றால் உள்ளாட்சி விதி எவ்வளவு முக்கியம் என்று பாருங்கள். இன்று வந்த நன்றியை அடுத்த டெண்டர் போடும் எல்லோரும் கவனிக்கிறார்கள். யாரும் வாய் திறந்து கேட்க வேண்டியதே இல்லை.

எனக்குத் தெரிந்த அக்கா ஒருவர் வார்டு உறுப்பினர். தெருவுக்கு ரோடு போட்டு முடித்த வாரம், ஒப்பந்ததாரர் வீட்டுக்கே வந்தார். பெரிய பெட்டி, மேலே சிவப்பு ரிப்பன். "நீங்க கேட்கலையேக்கா, நாங்களா பிரியப்பட்டுத் தர்றோம்." அக்கா வேண்டாம் என்றதும் அவர் முகம் சுருங்கியது. வாசலில் நின்ற அக்கா பெண்ணின் கையில் பெட்டியைத் திணித்துவிட்டுப் போய்விட்டார். இரண்டு தெரு தள்ளி இருப்பவர், தினமும் பார்க்கிற முகம். உள்ளாட்சியில் மறுப்பது இவ்வளவு கஷ்டம். "விதி இருக்கு தம்பி, வாங்கக் கூடாது" என்று சொல்ல முடிந்திருந்தால் அந்த அக்காவுக்கு எத்தனை பெரிய துணை! குடும்பத்தார் கைக்கு வருவதும் அந்த விதிக்குள் வர வேண்டும்.

இங்கிலாந்தில் கவுன்சிலர்களுக்காக 2020-ல் ஒரு மாதிரி நடத்தை விதி வந்தது. 50 பவுண்டும் அதற்கு மேலும் மதிப்புள்ள பரிசை வாங்கினால் 28 நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும். எனக்கு மிகவும் பிடித்தது அடுத்த வரி: பெரிய பரிசு ஒன்றை வேண்டாம் என்று மறுத்தாலும் அதையும் பதிவு செய்ய வேண்டும். யார் யார் கதவைத் தட்டுகிறார்கள் என்பது அப்போதுதான் ஊருக்குத் தெரியும்.

மறுநாள் அக்கா அந்தப் பெட்டியைப் பிரிக்காமல் தூக்கிக்கொண்டு போய்க் கொடுத்துவிட்டு வந்தார். அதை எழுதி வைக்க அவர்கள் அலுவலகத்தில் ஒரு நோட்டுகூடக் கிடையாது.