எஸ்2000-இலும் பார்க்க வேண்டியது உண்டு
பழைய ஸ்போர்ட்ஸ் கார் வாங்குவது பற்றிய கட்டுரையில் 'பழைய போர்ஷே பாக்ஸ்டரில் ஐஎம்எஸ் பேரிங் (எஞ்சினுக்குள் இடைத்தண்டைத் தாங்கும் பேரிங், உடைந்தால் எஞ்சினே போய்விடும்) பயம், ஹோண்டா எஸ்2000 என்றால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம்' என்று இருப்பது பாதிதான் சரி. 986 எனப்படும் முதல் தலைமுறை பாக்ஸ்டரில் கிளட்ச் மாற்ற கியர்பாக்ஸை இறக்கும்போதே அந்தப் பேரிங்கையும் மாற்றிவிடலாம், மாற்றியதற்கான பில்லை விற்பவரிடம் கேளுங்கள். எனக்கென்னவோ அதைவிடத் தொல்லை தண்ணீர்தான்: கூரையின் வடிகால் துளையில் இலைக்குப்பை அடைத்தால் மழைநீர் உள்ளே இறங்கி, சீட்டுக்கு அடியிலுள்ள இம்மொபிலைசர் (திருட்டுத் தடுப்பு மின்னணு) பெட்டியை நனைத்துவிடும், வண்டி கிளம்பாது. கார்ப்பெட்டைத் தூக்கித் தொட்டுப் பாருங்கள். எஸ்2000-இன் 2.0 லிட்டர் ஆரம்ப மாடல் கிட்டத்தட்ட 9,000 ஆர்பிஎம் வரை சுழலும். முன்பு ஓட்டியவர் வேகத்தில் நான்காவதுக்குப் பதில் இரண்டாவது கியரைப் போட்டிருந்தால் வால்வு ரிட்டெய்னரில் (வால்வு ஸ்பிரிங்கைப் பிடித்து வைக்கும் சிறு தட்டில்) விரிசல் விட்டிருக்கும். ஓட்டிப் பார்த்தால் தெரியாது, பின்னால் ஒருநாள் வால்வு பிஸ்டனில் இடிக்கும். வால்வு கவரைக் கழற்றி, வால்வுத் தண்டின் முனைகள் எல்லாம் ஒரே உயரத்தில் இருக்கின்றனவா என்று பார்க்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள். ஆயில் குச்சியையும் இழுத்துப் பாருங்கள், இந்த எஞ்சின் ஆயில் குடிக்கும்.