சமையல் ஒண்ணா இருக்கட்டும், அளவு அவங்கவங்களுக்கு

கல்யாணமான புதுசுல ரெண்டு பேரும் சேர்ந்தே டயட் இருக்கணும், ஒரே அளவு சாப்பிடணும்னு கட்டுரையில சொல்லியிருக்கீங்க, சேர்ந்து இருக்கணும்ங்கறது ரொம்ப சரி, ஆனா அந்த அளவு விஷயத்துல எனக்கு உடன்பாடு இல்லங்க. உயரம், எடை, பாக்குற வேலை எல்லாமே ஆளுக்கு ஆள் வேற, பசியும் வேறதான். சமையல் ஒண்ணா இருக்கட்டும், தட்டுல போட்டுக்கறது அவங்கவங்க தேவைக்கு இருக்கட்டும்.

எங்களுக்கு நல்லா கைகொடுத்தது சேர்ந்து கடைக்குப் போறதுதான். என் வீட்டுக்காரர் எந்த பாக்கெட்டை எடுத்தாலும் உடனே திருப்பி பின்பக்கம் என்னென்ன சேர்த்திருக்காங்கன்னு போட்டிருக்கற லிஸ்ட்டைப் படிப்பார், எது அதிகமா இருக்கோ அதைத்தான் அந்த லிஸ்ட்ல முதல்ல போடுவாங்க, சர்க்கரை முதல் ரெண்டு மூணு பேர்ல வந்துச்சுன்னா எடுத்த இடத்துலயே வச்சிருவோம். 4 கிராம் சர்க்கரைன்னா கிட்டத்தட்ட ஒரு டீஸ்பூன், இப்படி ஸ்பூன் கணக்குல பாத்தா சட்டுனு புரியும். உப்பு பெரியவங்களுக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள்ள இருக்கணும்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது, நொறுக்குத்தீனியில அது நமக்குத் தெரியாமலே ஏறிடும்.

அப்புறம் வெளிய போறதுன்னாலே ஹோட்டல்தான்னு இருக்க வேணாமே. சாப்ட்டு முடிச்சதும் ஒரு பத்து பதினஞ்சு நிமிஷம் ரெண்டு பேரும் மெதுவா நடந்துட்டு வாங்க, சாப்பாட்டுக்கு அப்புறம் ரத்தத்துல சர்க்கரை ஏறுறது அதுல கொஞ்சம் மட்டுப்படும், அதைவிட போன் இல்லாம பேச ஒரு நேரம் கிடைக்குது பாருங்க, மனசுல இருக்கறதெல்லாம் அங்கதான் வெளிய வரும். கூட ஒரு ஆள் இருந்தா சோம்பலா இருந்தாலும் கிளம்பிருவோம், அதனால டயட் சார்ட் எல்லாம் அப்புறம், முதல்ல இதை ஆரம்பிங்க.