மழை வந்தால் ஜன்னலைச் சாத்து

பெங்களூரை அடுத்த ஆனேக்கல் பக்கம் வாடகை குறைவு, காற்று சுத்தம் என்று சொல்லித்தான் தரகர் இந்த வீட்டைக் காட்டினார். பக்கத்திலேயே கோழிப்பண்ணை; ஆனால் காட்டியது நல்ல வெயில் காலத்தில். காய்ந்த கோழி எரு அவ்வளவாக நாறாது. ஒரு மழை பெய்து, கொட்டகையில் பரப்பிய உமி நனையட்டும், அப்புறம் தெரியும் சேதி. எச்சத்தில் இருக்கும் யூரிக் அமிலத்தைப் பாக்டீரியா சிதைத்து அம்மோனியாவாக்கிவிடும். கண் எரியும், தொண்டை கரகரக்கும். ராத்திரி காற்று அசையாமல் நின்றால் இன்னும் மோசம். ரசத்தை ஊற்றினால் பெருங்காய வாசனையே தெரிவதில்லை. தட்டைச் சுற்றி ஈ வேறு.

குடியிருப்பிலிருந்து 500 மீட்டர் தள்ளித்தான் கோழிப்பண்ணை வர வேண்டும் என்கிறது மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் வழிகாட்டுதல். எங்கள் மொட்டை மாடியில் நின்றால் கோழிக் கொண்டையே தெரிகிறது! பண்ணைக்காரரிடம் கேட்டால், “நாங்க முதல்லயே இருக்கோம், நீங்கதானே அப்புறம் வந்தீங்க” என்கிறார். அதுவும் நியாயம்தான். ஆனால் கூரை ஒழுகலை அடைத்து, நனைந்த உமியை அள்ளிவிட்டுக் காய்ந்ததைப் போட எவ்வளவு செலவாகிவிடும்?

வீட்டுக்காரம்மாவோ கன்னடத்தில் “ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாடி”, அதாவது கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க, என்கிறார். சரி, மூக்கை எந்தப் பக்கம் அட்ஜஸ்ட் செய்வது?