அந்தக் கஹ்வாவுக்கு விலை போடாதீர்கள்

அந்த வீடியோவை இனி யாரும் எனக்கு அனுப்ப வேண்டாம். பார்த்துவிட்டேன். ஓமான் பாலைவனத்தில் ஒரு பதூ வீட்டில் (பதூ என்றால் பாலைவனத்து அரபு மக்கள்) வயிறாரச் சாப்பிட்டுவிட்டு வெளியே வந்து, "சும்மா போட மாட்டாங்க மக்களே, கடைசியில காசு கேப்பாங்க" என்கிறார் வீடியோ போட்ட தம்பி. கேட்டார்களா? கடைசிவரை பார்த்தேன். கேட்கவே இல்லை.

அது காசுக்குப் போடுகிற சோறு இல்லை.

2014 ஜூன் மாதம். ஓமானின் வஹீபா மணல்வெளி, இப்போது ஷர்க்கியா என்கிறார்கள். பிதியா ஊரைத் தாண்டி உள்ளே போன எங்கள் வண்டி சிக்கிக்கொண்டது. டயரில் காற்றைக் குறைக்காமல் மணலில் இறக்கியது எங்கள் தப்பு. கொளுத்துகிற வெயில், கையில் இரண்டே பாட்டில் தண்ணீர். ஒன்றரை மணி நேரம் கழித்து பிக்கப்பில் ஒரு பெரியவர் வந்தார். யார், எந்த ஊர், எதுவும் கேட்கவில்லை. மண்டி போட்டு ஒவ்வொரு டயராகக் காற்றை இறக்கினார், கயிறு கட்டி இழுத்தார், வீட்டுக்குக் கூட்டிப் போனார்.

பேரீச்சம்பழம், ஏலக்காய் மணக்கும் கஹ்வா, அதாவது அரபுக் காபி. பிடியில்லாத சின்னக் கிண்ணத்தில் அடியில் கொஞ்சம்தான் ஊற்றுவார்கள். போதுமென்றால் கிண்ணத்தை லேசாக ஆட்ட வேண்டும். எனக்குத் தெரியவில்லை, பேரன் ஊற்றிக்கொண்டே இருந்தான். பெரியவர்தான் என் மணிக்கட்டைப் பிடித்து ஆட்டிக் காட்டினார். கிளம்பும்போது பத்து ரியால் நீட்டினேன். அந்த முகம் சுருங்கியதை இன்றுவரை மறக்க முடியவில்லை.

"டூரிஸ்ட் கேம்ப்பில் காசு வாங்குகிறார்களே?" வாங்குகிறார்கள், அது தொழில். வீட்டுக்கு வந்தவன் வேறு. "வளைகுடாவில் நம் ஆட்கள் படும் பாடு தெரியாதா?" தெரியும். என் அத்தை மகனின் பாஸ்போர்ட்டை இரண்டு வருஷம் பிடித்து வைத்திருந்தார்கள். அதைச் செய்த முதலாளிமேல் எனக்கும் கோபம் இருக்கிறது. அதற்காக மணலில் தண்ணீர் கொடுத்தவரை நான் ஏன் கேவலப்படுத்த வேண்டும்?

தண்ணீர் இல்லாத நிலத்தில் வந்தவனைத் திருப்பி அனுப்பினால் அவன் செத்துப்போவான். நாளைக்கு அந்த வீட்டுக்காரரே இன்னொரு வாசலில் போய் நிற்க வேண்டிவரும். மூன்று நாள் வரை விருந்தாளியை வைத்துச் சோறு போடும் பதூ வழக்கம் அப்படி வந்ததுதான். நம் மொழியிலும் விருந்து என்றால் புதிதாய் வந்தவர் என்றுதானே பொருள்?

காசுப் பேச்சைக்கூட விட்டுவிடலாம். வீடியோவில் அந்த வீட்டுப் பெண் கையால் முகத்தை மறைக்கிறார், இரண்டு தடவை. கேமரா நகரவே இல்லை. சோறு போட்ட வீடு அது. அந்த இடத்தையாவது வெட்டி எடுங்கள் தம்பி, இன்றைக்கே.